மணக்குடிப் பாலமும் மாமாவின் ரவுட்டரும்

குழு: மேலமணக்குடி வீடு

மாமா: மக்களே, கன்னியாகுமரி விடுதியில் இணையம் ஒருவருக்கு வருகிறது, அடுத்தவருக்கு வரவில்லை. ஃபைபர் அறுந்தால் சிம் கைகொடுக்கும் என்றுதானே இரண்டையும் வைத்தோம்? சூரியோதயம் பார்த்துவிட்டு அறையைக் காலி செய்ய வந்தவர்கள் பணம் அனுப்ப முடியாமல் நிற்கிறார்கள்.

நான்: ரவுட்டரில் வழிகளின் பட்டியல் இருக்கும். படம் எடுத்து அனுப்புங்கள் மாமா.

மாமா: 📷

நான்: இரண்டு வழிக்கும் டிஸ்டன்ஸ் 1 என்று இருக்கிறது. அதனால் இரண்டிலும் பங்கு போட்டு அனுப்புகிறது. போன மாதம் சிம் டேட்டா பத்தே நாளில் தீர்ந்ததும் இதனால்தான். சிம் வழிக்கு 10 போடுங்கள்.

மாமா: வேகம் கூடுமா?

நான்: வேகமும் இல்லை, கிலோமீட்டரும் இல்லை, பெயரில் மட்டும்தான் தூரம். ஒரே இடத்துக்குப் பல வழி இருந்தால் யார் சொன்னதை நம்புவது என்பதற்கான எண் அது. சின்ன எண்ணுக்கே மரியாதை. சிஸ்கோ நிறுவன ரவுட்டர்களில் நேரடி இணைப்பு 0, நாம் கையால் எழுதியது 1; ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறைகளில் ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. 255 போட்டால் அந்த வழியைச் சீண்டவே சீண்டாது.

தங்கை: நம் வீட்டில் அத்தை பேச்சு 1, மாமா பேச்சு 255 😄

மாமா: 10 போட்டுவிட்டேன். இப்போது யாருக்குமே வரவில்லை!

நான்: ஐயோ, முழுவதும் சொல்வதற்குள் போட்டுவிட்டீர்களா? 2004 சுனாமியில் மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த மணக்குடிப் பாலம் போனதே, இக்கரையில் சாலை அப்படியேதான் கிடந்தது. ரவுட்டருக்கும் மேசைமேல் இருக்கும் மோடம் வரைதான் கண். கம்பி அறுந்தது தெருவில். மோடம் உயிரோடு இருப்பதால் 1 தான் ஜெயிக்கிறது.

அத்தை: அன்று கீழமணக்குடியில் அம்மாவைப் பார்க்கச் சுசீந்திரம் சுற்றித்தான் போனேன்.

நான்: அதேதான் அத்தை. மாமா, இப்போதைக்கு ஃபைபர் வழியை முடக்கிவையுங்கள். பிறகு, வெளியே கூகுளின் 8.8.8.8 முகவரி பதில் தருகிறதா என்று ரவுட்டரே பிங் செய்து, அதாவது சின்னச் செய்தி அனுப்பிப் பார்த்து, இல்லையென்றால் ஃபைபர் வழியை நீக்கும்படி எழுத வேண்டும். அந்த முகவரிக்கு மட்டும் ஃபைபரைத் தவிர வேறு வழி கூடாது. சிம் வழியே பதில் வந்துவிட்டால், ஃபைபர் பிழைத்துக்கொண்டது என்று ஏமாந்துவிடும்.

மாமா: முடக்கினேன். வந்துவிட்டது. இரண்டு அறைக்குப் பணமும் விழுந்தது. அந்தப் பிங் வேலையை ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து முடித்துக் கொடு.

அத்தை: வா மக்களே, சாளைப் புளிமுளம் வைக்கிறேன்.