நாள்காட்டித் தாள்களின் பின்புறம்: அம்மாவுடன் பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

மகள், தோ பாயோ

தமிழ் முரசில் கொடுப்பதற்காக அம்மாவின் மறைவு அறிவிப்பை எழுத அண்ணனும் நானும் தம்பியும் உட்கார்ந்தோம். பெயர், வயது, சொந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக எழுதி முடித்தபின், அம்மா வாழ்நாள் முழுவதும் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'இல்லத்தரசி' என்ற ஒரு சொல்லுக்கு மேல் எங்கள் மூவருக்கும் எதுவும் எழுத வரவில்லை. மண்டாயில் தகனம் முடிந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த ஒரு சொல் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் அம்மாவுடன் பழகிய உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்: நீங்கள் கண்ட அம்மாவைப் பற்றி எழுதுங்கள். வீட்டுக்குள் நான் பார்த்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1944இல் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, 1962இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிச் சிங்கப்பூருக்கு வந்தவர் அம்மா. அப்பா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். தளத்துக் குடியிருப்பில்தான் அவர்களுடைய முதல் வீடு. நான் பிறந்தது 1966இல், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். அந்த ஓர் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன என்பதும், அது கின்னஸ் சாதனையாகப் பதிவானது என்பதும் நான் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை. அம்மாவுக்கு அந்த எண்ணிக்கை தெரியாது. கட்டில் போதாமல் நெருக்கியடித்துக் கிடந்ததும், இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் என்னை மாற்றிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் என் காலில் கறுப்புக் கயிறு கட்டிவைத்ததும், பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண் 'சூசு' என்று சொல்லிக்கொடுத்ததும்தான் அவர் நினைவில் இருந்தவை. பால் என்று பொருள்படும் அந்தச் சொல்தான் அம்மா கற்ற முதல் மலாய்ச் சொல்.

1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது நாங்கள் தளத்துக் குடியிருப்பை விட்டு, தோ பாயோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மூவறை வீட்டுக்கு வந்தோம். மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்கலாம் என்ற ஏற்பாடு 1968இலேயே வந்திருந்தது. அப்பாவின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, மாதம் எவ்வளவு கழியும், மீதியில் ஐந்து பேர் எப்படிச் சாப்பிடுவது என்று பென்சிலால் கூட்டிக் கழித்துப் பார்த்து, "எடுத்துக்கலாம், சமாளிச்சிடலாம்" என்று அப்பாவுக்குத் தைரியம் சொன்னவர் அம்மா. அந்தக் கணக்கு எழுதிய தாள் இப்போது என் கையில் இருக்கிறது.

அது ஒரு நாள்காட்டித் தாள். சிராங்கூன் சாலையிலுள்ள மளிகைக் கடையில் ஆண்டுதோறும் கொடுக்கும் தினசரி நாள்காட்டியில், காலையில் கிழிக்கும் தாளை அம்மா எறிவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பின்புறத்தில் ஏதாவது எழுதுவார் என்பதும் தெரியும். ஆனால் அவற்றை ஆண்டுவாரியாக அடுக்கி, பூச்சரம் சுற்றி வந்த நூலால் கட்டி, நான்கு ரொட்டி டின்களில் வைத்திருந்தார் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. "இஞ்சி அரைக் கட்டி" என்று இருக்கிறது. கிலோ வந்து எத்தனையோ காலமான பின்னும் அவருக்குக் கணக்குக் கட்டி என்ற பழைய எடை அளவில்தான். "பெரியவனுக்குச் சட்டைப் பொத்தான்", "பாப்பா இன்று பேசவில்லை, பள்ளியில் என்னமோ" என்றும் இருக்கிறது. அந்தப் பாப்பா நான்தான். பள்ளியில் நடந்த எதையும் அன்று நான் வீட்டில் சொல்லவில்லை; அம்மா கவனித்தார் என்பது எனக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தெரிகிறது.

சில தாள்கள் விளங்கவில்லை. 2020 ஏப்ரல், மே மாதத் தாள்களின் பின்புறத்தில் நாள் தவறாமல் 36.5, 36.8 என்று இரண்டிரண்டு எண்கள் மட்டும் இருக்கின்றன. தமக்குத்தாமே உடல் வெப்பம் பார்த்துக்கொண்டார் போலும் என்று நினைக்கிறோம்.

மூத்த மகன்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 2023இல் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தபோது, 79 வயதில் வெயிலில் நடந்து கீழே விழுந்தால் யார் பார்ப்பது என்று கோபமாகப் பேசிவிட்டேன். இப்போது ஈசூனில் இருக்கும் ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் முன்பு செம்பவாங்கில் இருந்தது. கடற்படைத் தளத்துக் குடும்பங்களுக்கு அது சொந்த வீடு மாதிரி. அம்மாவுக்கு அந்த முருகன்மேல் உள்ள பற்று எனக்குத் தெரியாததன்று. ஆனால் யாருக்காக நேர்ந்துகொண்டாய், எங்களில் யாருக்கு என்ன குறை என்று கேட்டதற்கு, "உனக்கு இல்லப்பா" என்று மட்டும் சொன்னார். நடந்து முடித்தார், விழவில்லை. அன்று நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

அதே மாடியில் குடியிருந்தவர், இப்போது பொங்கோல்

அக்கா வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி எங்கள் வீடு. 1979இல் எனக்குத் தலைப்பிரசவம். என் தாயார் ஊரிலிருந்து வருவதாக இருந்து, உடல்நலமில்லாமல் வர முடியாமல் போனது. மருத்துவமனையிலிருந்து குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று, கதவைத் திறந்தால் அடுப்பில் பூண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. என் கணவரிடம் சாவி வாங்கிக்கொண்டு அக்காதான் வந்து நின்றார். அன்று தொடங்கி நாற்பது நாளும் தம் வீட்டுச் சமையலை விடியுமுன் முடித்துவிட்டு எனக்குப் பத்தியச் சமையல் செய்தார். பால் சுரக்க வேண்டும் என்று தேக்கா சந்தையில் சுறா வாங்கிவந்து புட்டு செய்வார். நாட்டு மருந்துக் கடைச் சரக்கை இடித்துச் சலித்து, கருப்பட்டியில் கிளறி உருண்டை பிடித்துத் தருவார். குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும்போது, தண்ணீர் பதமாக இருக்கிறதா என்று கையால் பார்க்காமல் முழங்கையை விட்டுப் பார்ப்பார்; சமையல் செய்து காய்த்துப்போன கைக்குச் சூடு தெரியாது என்பார். என் மகளுக்கும் மருமகளுக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

துணி காயப்போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடங்களில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே குழாய்கள் பதித்திருக்கும். துணி கோத்த மூங்கில் கழியைத் தூக்கி அந்தக் குழாயில் செருக வேண்டும். ஈரத்தோடு கழி கனக்கும். அக்கா எப்போதும் பள்ளிச் சீருடைகளைச் சன்னலுக்குப் பக்கமாகவும், போர்வை கைலியைக் கழியின் நுனியிலும் கோப்பார். மழை திடீரென்று பிடித்துக்கொண்டால் கழியை முழுக்க இழுப்பதற்குள் சீருடையாவது கைக்குக் கிடைத்துவிடும் என்பதுதான் காரணம். இதையெல்லாம் யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? அவராகவே யோசித்துச் செய்தவை. ஒரு வீட்டை நடத்துவதில் எத்தனை அறிவு செலவாகிறது என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

அம்மாவின் அண்ணன் மகன், ஜூரோங்

எண்பதுகளில் நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாததால் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போய்த் தமிழ் படித்தேன். வகுப்பு முடிந்ததும் நேராக அத்தை வீட்டுக்கு வந்துவிட வேண்டும், சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும் என்பது அத்தையின் கட்டளை. சாப்பாட்டுக்கு முன் சொல்வதெழுதுதல் நடக்கும். நாள்காட்டித் தாள் ஒன்றைக் கொடுத்து, அன்றைய தமிழ் முரசிலிருந்து பத்து வரி வாசிப்பார். எனக்கு லகர ளகர ழகரம் எப்போதும் தகராறு. 'வாழை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வாளை' என்று எழுதியிருந்தால் அடிக்கமாட்டார், திட்டவும் மாட்டார்; வாழைக்காய்ப் பொரியலைக் காட்டி, "இது நீ எழுதின மீனாடா?" என்று கேட்பார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் அவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆசிரியராக இருந்தவர் என்றே நினைத்திருந்தேன். இன்று நான் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். அந்த டின்களில் என் கையெழுத்தில் ஏதாவது தாள் இருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள்.

துப்புரவு ஊழியர்

நான் அம்மாவின் உறவினன் அல்லன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, அம்மா குடியிருந்த கட்டடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலையில் 2018 முதல் மூன்று ஆண்டுகள் இருந்தேன். முதல் நாள் அம்மா என்னிடம் கேட்டது, "எந்த ஊருப்பா? அம்மா இருக்காங்களா?" என்பதுதான். மதிய வேளையில் கீழ்த்தளத்துக்கு மோர் கொண்டுவருவார்கள். நான் குடித்து முடிக்கும்வரை கல் இருக்கையில் உட்கார்ந்திருந்து, குவளையைக் கையோடு வாங்கிக்கொண்டு போவார்கள்.

2020 ஏப்ரலில் கொரோனா பரவியதால் எங்கள் தங்குவிடுதியை அடைத்துவிட்டார்கள். அறையில் 12 பேர். வெளியே போக முடியாது. நேரத்துக்கு உணவுப் பொட்டலம் வரும். காலையும் மாலையும் உடல் வெப்பத்தைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அம்மா தினமும் மாலையில் தொலைபேசியில் அழைப்பார்கள். முதலில் அன்றைய நாள்காட்டியை வாசிப்பார்கள்: திதி என்ன, நட்சத்திரம் என்ன, பிரதோஷமா, சஷ்டியா என்று சொல்வார்கள். எல்லா நாளும் ஒரே நாளாக இருந்த அந்தக் காலத்தில், ஊரில் இன்று என்ன நாள் என்பதை எனக்குச் சொன்னவர்கள் அம்மாதான். சித்திரை முதல் நாளையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். வாசித்து முடித்ததும், "இன்னைக்கு எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்பார்கள். நான் இரண்டு எண்ணையும் சொல்வேன்.

மே மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து, தொற்று உறுதியாகி, நோயாளிகளைத் தங்கவைத்திருந்த எக்ஸ்போ கண்காட்சி மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் என் தாயிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அம்மாவிடம்தான் சொன்னேன். அவர்கள் என் தாயின் எண்ணை வாங்கி, நான் நன்றாக இருப்பதாகவும், தாமே பார்த்துக்கொள்வதாகவும் பேசியிருக்கிறார்கள். அன்று முதல் இருவரும் பேசிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. குணமாகி வந்தேன். இப்போது வேறு நிறுவனத்தில் வேலை. அம்மா இறந்த செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது. மண்டாய்க்கு வர முடியாமல் போனதை நினைத்து வருந்துகிறேன்.

மகள், தோ பாயோ

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் 2020ஆம் ஆண்டுக் கட்டை மறுபடி பிரித்தேன். எண்கள் ஏப்ரலில்தான் தொடங்குகின்றன. அம்மாவின் எண்கள் அல்ல அவை. மே மாதத்தில் ஒரு தாளில் 38.2 என்று எழுதி, அதன்கீழே "பால்குடம்" என்று ஒரே சொல் இருக்கிறது. பிறகு எண் இறங்கி இறங்கி 36.7க்கு வந்ததும் எழுதுவதை நிறுத்தியிருக்கிறார். அண்ணனிடம் அந்தத் தாளைக் காட்டினேன். நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மடிக்காமல் தம் பணப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் திருப்பிக் கேட்கவில்லை.

அத்தானுக்கு: எண்பதுகளின் டின்னை இன்னும் திறக்கவில்லை. மூடி துருப்பிடித்து இறுகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வந்து திறப்பான். உங்கள் கையெழுத்து கிடைத்தால் எடுத்துவைக்கிறேன்.

துப்புரவுத் தம்பிக்கு இன்னொன்று. இந்தியத் தொலைபேசி எண் ஒன்று, பெயர் எதுவும் இல்லாமல், "தம்பி அம்மா" என்ற குறிப்போடு தனித்தாளில் இருக்கிறது. வாரம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தவர்கள் என்றால், அழைப்பு வராமல் போய் ஒரு மாதமாகிறது. அம்மா மறைந்ததை அவர்களிடம் நீங்கள் சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லையென்றால், இன்று மாலை நானே அழைத்துப் பேசுகிறேன்.