தூணோரம் சாய்த்து வைத்த காலிப் பேலட்

இரவுஷிப்ட்:
காலிப் பேலட்தான் (சரக்கை அடுக்கித் தூக்கும் மரத் தட்டு), மேலே ஒரு பெட்டிகூட இல்லை. யாரோ தூணோரம் நிமிர்த்திச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஹேண்ட் டிரக்கை இழுத்துக்கொண்டு வந்த பையனின் முழங்கை லேசாகப் பட்டது, அவ்வளவுதான். மரம் கணுக்காலில் விழுந்த சத்தம் மறந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் வாய் திறக்காமல் என்னையே பார்த்தானே, அது மறக்கவில்லை. 1200-க்கு 800 மில்லிமீட்டர் ஐரோப்பிய அளவு, 25 கிலோ வரும். பாதுகாப்பு ஷூ போட்டிருந்தான். அது விரலைக் காக்கும், கணுக்காலை என்ன செய்யும்? அன்று அதே பேலட்டைத் தாண்டி நான் இரண்டு தடவை போயிருந்தேன். படுக்கப்போட அரை நிமிஷம் ஆகாது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஃபோர்க்கோட்டி:
சாய்த்து வைப்பது தப்புதான், ஆனால் என்னைக் கேட்டால் உடைந்த பேலட்தான் எமன். ரேக்கில் மூன்றாவது தட்டு, மாவு மூட்டை லோடு. ஃபோர்க்லிஃப்டின் முள்ளை, அதாவது முன்னால் நீட்டியிருக்கும் இரும்புக் கரங்களை, நுழைத்துத் தூக்கியதும் ‘சடக்’ என்றது. அண்ணாந்து பார்த்தால் ஒரு பலகை நடுவில் விட்டுப்போய் ஆணி நீட்டிக்கொண்டு நிற்கிறது, அது குத்திய மூட்டையிலிருந்து மாவு மெல்லிசாகக் கொட்டுகிறது. வெளியே இழுக்கவும் பயம், அப்படியே பிடித்துக்கொண்டிருக்கவும் பயம். கீழே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ரேக்கின் பீம் மேலேயே இறக்கி வைத்தேன். அந்த விரிசலை ஏற்றியவர் பார்த்திருப்பார். பார்த்தும் விட்டுவிட்டார்.

அடுக்குக்கணக்கு:
ஃபோர்க்கோட்டி, ஏற்றியவர் மேலேயே பழியைப் போடாதீர்கள். முள்ளை நுழைக்கும் முன் நீங்களும் பார்த்திருக்கலாம். எனக்கு நடந்தது சின்ன விஷயம்: முள் பாதிதான் போயிருந்தது, அவசரத்தில் தூக்கினேன், பலகை பிய்ந்து வந்துவிட்டது. லோடு தரையோடு இருந்ததால் தப்பித்தேன்.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய பேலட் 1500 கிலோ தாங்கும் என்பது எடை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருந்தால்தான். ஒரு மூலையில் இயந்திரத்தை வைத்துவிட்டு அந்தக் கணக்கைப் பேசக் கூடாது. இன்னொன்று, பக்கவாட்டில் இருக்கும் எச்.டி. (HT) முத்திரையைப் பார்த்துவிட்டு ‘தரமான பேலட்’ என்கிறார்கள். அது மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏற்றிப் பூச்சியை ஒழித்ததற்கான அடையாளம். பலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. காலிகளை ஒரே அளவாகப் பிரித்துப் படுக்கையாக அடுக்குங்கள். உடைந்ததைத் தனியாகப் போட்டு, யாரும் திரும்ப எடுக்காதபடி சாயத்தால் குறியிடுங்கள். அப்புறம் தீ. பலகைகளுக்கு நடுவே காற்று ஓடுவதால் காலி அடுக்கு மளமளவென்று எரியும். மேலிருந்து தெளிக்கிற தண்ணீர் உள்ளே இருக்கும் பலகைகளின் அடிப்பக்கத்தை எட்டாது. அதனால் வெளியேறும் வழியிலும் பேட்டரி சார்ஜ் செய்யும் இடத்திலும் காலி அடுக்கு வேண்டவே வேண்டாம். முடிந்தால் கட்டிடத்துக்கு வெளியே, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

பழையகை:
இதையெல்லாம் விட மோசமானது ஒன்று. பல்பு மாட்ட என்னைப் பேலட் மேல் நிற்க வைத்து ஃபோர்க்லிஃப்டில் தூக்கினார்கள். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பலகை இடுக்கில் கீழே தரை தெரிந்தது. ஓட்டியவர் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினார், வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. கைக்கு எட்டிய விளக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இறங்கிய பிறகும் வெகுநேரம் கால் நடுங்கியது. ஆளைத் தூக்க அதற்கென்று செய்த கூண்டு இருக்கிறது. வெறும் பேலட்டில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள், சொல்கிறவர் யாராக இருந்தாலும் சரி.

இரவுஷிப்ட்:
அடுக்குக்கணக்கு, குறியிடுவது நல்ல யோசனை, நாளையே செய்கிறேன். ஃபோர்க்கோட்டி சொன்னதும் நியாயம்தான். எங்களிடம் விரிசல் விட்டதைப் போடத் தனி இடமே கிடையாது, அதனால் எல்லாம் அதே அடுக்குக்குத்தான் திரும்பிப் போகிறது. பையன் இப்போது நடக்கிறான், படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறான். நேற்று அதே தூணில் இன்னொரு பேலட் சாய்ந்து நின்றது. படுக்கப் போட்டுவிட்டு, நிறுத்தியது யார் என்று ஷிப்ட் முழுக்கக் கேட்டேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.