மறு: பெடல் அசிஸ்ட் – மிதியுதவியா, மிதித்துணையா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். மின்மிதிவண்டிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவில் நீங்கள் எழுதிய சில வரிகளை மேற்கோளாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே என் பதிலை எழுதியிருக்கிறேன். முதலில், நாம் மிதிக்கும்போது மோட்டாரும் சேர்ந்து ஓடும் பெடல் அசிஸ்ட்.

> பெடல் அசிஸ்ட் = மிதியுதவி. எளிமையாக இருக்கிறது. இதற்கு மேல் விவாதம் எதற்கு?

போன வாரம் வரை நானும் இந்தக் கட்சிதான். என் மின்மிதிவண்டிக்கு நாலு பக்கத்தில் ஒரு பராமரிப்புக் குறிப்பு எழுதி, வழக்கமாகப் போகும் சைக்கிள் கடை அண்ணனிடம் கொடுத்தேன். நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் படித்தவர், இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார்.

"மிதியுதவின்னா என்ன தம்பி?"

"நாம மிதிக்கும்போது மோட்டார் உதவி பண்ணுதில்லண்ணே, அது."

"அப்ப ஆக்சிலேட்டரைத் திருகுனாலும் வண்டி போகுதே, அது உதவி இல்லையா?"

எனக்குப் பதில் வரவில்லை. திருகினால் போவதும் உதவிதான். சொல்லப்போனால் அதுதான் முழு உதவி, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். பெடல் அசிஸ்ட் அப்படி இல்லை. நாம் மிதித்தால் கூட வரும், நிறுத்தினால் நின்றுவிடும். இப்படிக் கூடவே வருவதை நாம் துணை என்றுதானே சொல்கிறோம்? வழித்துணை, பேச்சுத்துணை எல்லாம் அந்த வகைதான். வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரத்தில் சிவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர். நடக்க வேண்டியவர் நடக்கத்தான் வேண்டும், அவர் கூட வருவார்.

யமாஹா 1993இல் இந்தப் பெடல் அசிஸ்ட் ஏற்பாட்டை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே இன்றைய விதியில் இந்தத் துணைக்கு அளவே குறித்திருக்கிறார்கள். மணிக்கு 10 கி.மீ. வரை கால் ஒரு பங்கு கொடுத்தால் மோட்டார் அதிகபட்சம் இரண்டு பங்கு கொடுக்கலாம். அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து 24 கி.மீ.யில் அறவே நின்றுவிட வேண்டும். திருகினால் ஓடும் வண்டியை அவர்கள் மிதிவண்டிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நம் ஊரில் நிலைமை வேறு. மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் உட்பட்டிருந்தால் திருகினால் ஓடும் வண்டிக்கும் பதிவு வேண்டாம், உரிமமும் வேண்டாம். அதனால் ஒரே வண்டியில் திருகினால் ஓடும் வசதியும் இருக்கிறது, மிதித்தால் ஓடும் வசதியும் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் ஜப்பான்காரரைவிட நமக்குத்தான் அவசரம். திருகும் பிடியை ஆக்சிலேட்டர் என்றே விட்டுவிடலாம், அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. மற்றதற்கு என் முன்மொழிவு: மிதித்துணை.

> துணை என்றால் துணைத்தலைவர், துணைப்பதிவாளர் நினைவுதான் வருகிறது. மிதித்துணை 'இரண்டாந்தர மிதி' ஆகிவிடாதா?

ஐயா, துணை முன்னால் வந்தால்தான் அந்தப் பொருள். பின்னால் வந்தால் வழித்துணை மாதிரி. 'துணைமிதி' என்று வைத்தால் நீங்கள் சொல்லும் சிக்கல் வரும், 'மிதித்துணை'யில் வராது.

அடுத்து உணரி. நாம் மிதிப்பதை மோட்டாருக்குத் தெரிவிக்கும் கேடன்ஸ் சென்சாருக்கு 'மிதிவீத உணரி' என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அகராதிப்படி சரி. ஆனால் போன மாதம் என் வண்டியில் மிதித்துணை விட்டு விட்டு வந்தது. இரண்டு சுற்றுக்கு வரும், அப்புறம் காணாமல் போகும். பாட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெடல் அச்சருகே அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே 12 காந்தப் பொட்டுகள் பதித்த பிளாஸ்டிக் வட்டு, எதிரே கட்டைவிரல் நகம் அளவில் உணரி. வட்டு அச்சில் நழுவித் தள்ளிப் போயிருந்தது, நடுவில் சேறு வேறு. இரண்டு பாதியாகப் பிரியும் வட்டு என்பதால் கழற்றித் துடைத்து மாட்டி, இரண்டு ஒரு ரூபாய்க் காசு சேர்ந்து நுழையும் இடைவெளி விட்டார். பாட்டரியைப் போட்டு, பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் மிதியைச் சுற்றினால் மோட்டார் கம்மென்று இருக்கிறது. பின்னோக்கிச் சுற்றினால் ஓடுகிறது! வட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். மாற்றிப் போட்டதும் சரியானது.

அதாவது, நான் எவ்வளவு வேகமாக மிதிக்கிறேன் என்பது இந்த உணரிக்குப் பெரிய விஷயமே இல்லை. சுற்றுகிறதா, எந்தப் பக்கம் சுற்றுகிறது, இதுதான் அதன் கேள்வி. எனவே சுழல் உணரி போதும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்று பார்க்கும் விலை கூடிய டார்க் சென்சார் வகைக்கு மிதிவிசை உணரி. பிளஸ் ஒன் இயற்பியல் பாடத்தில் டார்க்கைத் 'திருப்பு விசை' என்றுதான் படித்தோம், தெரியும். ஆனால் காலுக்குத் தெரிவது மிதிக்கிற விசைதான்.

> வீல் ட்ரூயிங் = சக்கர நேர்ப்படுத்தம்

இதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். சக்கரத்தின் நெளிவை நிமிர்த்துவதைச் சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பது என்று எத்தனையோ காலமாகச் சொல்கிறார்கள். குறளில் 'சொற்கோட்டம்' என்று வருகிறதே, அதே கோட்டம். நல்ல தமிழ்ச் சொல் கிரீஸ் கையோடு புழங்கிக்கொண்டிருக்க, நாம் அதைப் பார்க்காமல் புதிதாக ஒன்று செய்கிறோம். சக்கர நடுவில் மோட்டார் இருந்தால் போக்ஸ் கம்பிக்குப் பளு கூடுதல், சீக்கிரம் தளர்கிறது, ஆகவே இந்தச் சொல்லுக்கு இனி வேலையும் கூடுதல்தான். வண்டியைத் தலைகீழாகப் போட்டால் ஹேண்டில்பாரில் இருக்கும் திரை நசுங்கும் என்று அண்ணன் கயிற்றில் தொங்கவிட்டுத்தான் கோட்டம் எடுத்தார். ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டார். கோடு விழுந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியின் முனையில் இருக்கும் நிப்பிளைக் கால் சுற்று முறுக்கினார். அரை மணி நேரத்தில் முடிந்தது.

செயின் ஸ்ட்ரெச்சுக்குச் 'சங்கிலி நீட்சி'யும் வேண்டாம். இரும்பு இழுபடுவதில்லை, உள்ளே ஊசிகள் தேய்வதால்தான் நீளம் கூடுகிறது. சங்கிலித் தேய்மானம் என்றே எழுதலாம்.

பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சுக்கு 'மின்வெட்டி' என்று ஒரு யோசனை வந்தது. ஆற்காட்டிலிருந்து அம்பத்தூர் வரை மின்வெட்டை அனுபவித்தவர்கள் சிரிப்பார்கள். அதைக் கட்டாஃப் என்றே விடுங்கள். பெயரைவிட முக்கியம், பிரேக் கேபிளை இறுக்கிய பிறகு பிடி முழுசாகப் பின்னால் வருகிறதா என்று பார்ப்பது. கொஞ்சம் உள்ளேயே நின்றுவிட்டால் சுவிட்ச் அமுங்கியே இருக்கும். வண்டியில் ஒரு பழுதும் இருக்காது, ஆனால் மோட்டார் ஓடாது.

மிதித்துணை என்று வைத்தால் இன்னொரு வசதி. வண்டியை இறங்கித் தள்ளும்போது பொத்தானை அமுக்கினால் நடை வேகத்தில் மோட்டார் இழுத்துக்கொடுக்குமே, அதைத் தள்ளுதுணை எனலாம். மேம்பாலத்துச் சரிவில் இதன் அருமை தெரியும்.

ஒரு இடத்தில் மட்டும் நானே மாட்டிக்கொண்டேன். மோட்டார் எவ்வளவு துணை தர வேண்டும் என்று திரையில் 1 முதல் 5 வரை வருகிறதே, அதைத் 'துணைநிலை 3' என்று எழுதியிருந்தேன். "துணைநிலை ஆளுநர் மாதிரி இருக்கே" என்றார் புதுச்சேரி நண்பர். மறுக்க முடியவில்லை. இப்போது 'துணையளவு 3' என்று மாற்றியிருக்கிறேன். இதைவிடக் கச்சிதமாகத் தோன்றினால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை குறிப்பை மறுபடி அச்செடுத்து அண்ணனிடம் கொண்டுபோகிறேன்.