மறு: கிராஸ்ஓவர் திராஷ் – கலப்பிசையா, தாண்டிசையா?

> பங்க்கும் மெட்டலும் சேர்ந்த கலவைதானே? கலப்பிசை என்றே வைத்துவிடலாமே?

வணக்கம். ஹார்ட்கோர் பங்க்கும் திராஷும் (அதிவேக மெட்டல்) சந்திக்கும் ராக் இசைவகைதான் கிராஸ்ஓவர் திராஷ்; அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். கலப்பிசை ஏற்கெனவே ஃபியூஷனுக்கு (வெவ்வேறு இசைமரபுகளைக் கலப்பது) போய்விட்டது. அது இல்லாவிட்டாலும் இங்கே பொருந்தாது என்பேன். இந்த வகைக்குள் நேராக நடந்துவந்த டி.ஆர்.ஐ. (டர்ட்டி ராட்டன் இம்பெசைல்ஸ்) என்ற அமெரிக்கக் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1982இல் டெக்சாஸின் ஹூஸ்டனில் தொடங்கினார்கள். பாடியவர் கர்ட் பிரெக்ட், கிதார் ஸ்பைக் காசிடி. முதலில் வந்தது ஏழு அங்குல இசைத்தட்டு. அதற்குள் 22 பாட்டுகளை அடைத்திருந்தார்கள். பல பாட்டுகள் ஒரு நிமிடத்தைக்கூட எட்டாது. சுத்தமான ஹார்ட்கோர் பங்க், அதாவது பங்க்கின் இன்னும் வேகமான, முரட்டு வடிவம். அப்புறம் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், வேனிலேயே படுத்து, இலவசச் சாப்பாடு போடும் இடங்களில் வயிற்றைக் கழுவினார்கள். 1985 ஆல்பத்தில் 25 பாட்டுகள். 1987இல் வந்ததற்குப் பெயரே 'கிராஸ்ஓவர்'. அதில் 12 தான்! பாட்டு நீண்டது. உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும் மெட்டல் ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்குகள்) முன்னால் வந்தன, வேகம் அங்கங்கே தணிந்தது.

அதாவது, ஒரு கரையில் இருந்தவர்கள் படிப்படியாக மறுகரைக்குப் போனார்கள். கூட்டமும் அப்படித்தான். மொட்டைத்தலை பங்க் ரசிகர்களும் நீள்முடி மெட்டல் ரசிகர்களும் ஒரே அரங்கில் இடித்துக்கொண்டு நின்றார்கள். சில இடங்களில் கைகலப்பும் ஆனது. குழு விலைபோய்விட்டதாகப் பழைய ரசிகர்கள் சிலர் திட்டினார்கள். கலந்துவிட்ட இடத்தில் ஏது சண்டை? எல்லையைத் தாண்டினால்தான் அடி விழும்.

ஆகவே 'தாண்டிசை'. வினைத்தொகை என்பதால் தாண்டிய, தாண்டுகிற, தாண்டும் இசை மூன்றும் அடங்கும். மேடையிலிருந்து கூட்டத்துக்குள் குதிக்கிறவர்களுக்கும் பொருந்தும் (இலவச இணைப்பு).

> 'குறுக்கிசை' இன்னும் நேரடியாக இல்லையா? கிராஸ் என்றால் குறுக்குதானே.

குறுக்கு என்றதும் குறுக்கீடுதான் காதில் விழுகிறது, ஏதோ வானொலியில் இரைச்சல் புகுந்தமாதிரி. தவிர, ஒலிபெருக்கிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் சுற்றுக்கு அந்தச் சொல்லை யாராவது கேட்பார்கள். அது தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்புவது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

> 'கடப்பிசை'?

தப்பில்லை. ஆனால் கொஞ்சம் சாதுவாக இருக்கிறது. 1995க்குப் பிறகு 2016 வரை புதுப் பாட்டுத்தட்டு எதுவும் இல்லாமலே, இடையில் காசிடிக்குப் புற்றுநோய் வந்தும், மேடையை விடாத குழு இது. 'ண்டு' என்று ஓர் இடி இருக்கட்டும்.

சரி, சொல்லைப் பதிவதற்கு முன் இரண்டு விஷயம். ஆல்பத்தின் பெயர் 'கிராஸ்ஓவர்' என்றே இருக்க வேண்டும், அதை யாரும் பெயர்க்க வேண்டாம். திராஷ், ஹார்ட்கோர் இரண்டையும் இப்போதைக்கு எழுத்துப்பெயர்ப்பாகவே விடலாம்; ஆக 'தாண்டிசைத் திராஷ்'. ஹார்ட்கோர் பங்க்குக்கு 'வன்பங்க்' முன்மொழிந்தவர் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.