கதையைக் கழித்தால் இந்த ஆல்பங்களில் என்ன மிச்சம்?

பழையகேசட்:
அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பாசின்ஸ்கியின் 'டிஸின்டெக்ரேஷன் லூப்ஸ்' முதல் பகுதியை முழுதாகக் கேட்டு முடித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரே சின்ன மெட்டு சுற்றிச் சுற்றி வருகிறது, போகப் போகத் தேய்கிறது, அவ்வளவுதான். ஆனால் புகழ்பவர்கள் இசைக்கு ஒரு வரியும் கதைக்கு ஒரு பக்கமும் ஒதுக்குகிறார்கள். 1980களின் டேப்புகளை 2001இல் டிஜிட்டலுக்கு மாற்றும்போது காந்தப்பூச்சு உதிர்ந்ததாம். செப்டம்பர் 11 மாலை புரூக்ளின் மொட்டைமாடியிலிருந்து புகையைப் படம் பிடித்தாராம், அதுவே அட்டையும் ஆனதாம். உண்மையாகவே இருக்கட்டும். இதெல்லாம் தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள், எத்தனை நிமிடம் தாங்குகிறார் பார்ப்போம். பின்னணியாக மெல்ல ஓடும் ஆம்பியன்ட், இரைச்சலையே இசையாக்கும் நாய்ஸ் ஆல்பங்களில் பாதி இப்படித்தான். அட்டைக் குறிப்பைக் கிழித்துவிட்டால் ஒன்றும் தேறாது என்பது என் கட்சி.

மந்திரஸ்தாயி:
கதை ஓவர்தான், எனக்கும் அந்தப் புகை அட்டை அலுத்துவிட்டது. ஆனால் "தேய்கிறது, அவ்வளவுதான்" என்று ஒரே தாண்டாகத் தாண்டிவிட்டீர்களே சார். சத்தத்தைச் சீராகக் குறைத்தால் அது வெறும் ஃபேட் அவுட். இங்கே பூச்சு உதிர்ந்த இடத்தில் மட்டும் ஓட்டை விழுகிறது. சுற்றின் தொடக்கம் கணீரென்று இருக்கும், நடுவில் ஒரு சுரம் செத்திருக்கும். முன்பு கேட்ட ஞாபகத்தில் அந்த இடத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம். கடைசிப் பத்து நிமிடங்களில் பாதி மெட்டு டேப்பில் இல்லை, நம் தலையில் ஓடுகிறது. இதற்கு எந்தக் குறிப்பும் வேண்டாம்.

சும்மாகேட்பவன்:
நான் பாதியிலேயே தூங்கிவிட்டேன். இது பாராட்டா திட்டா?

மந்திரஸ்தாயி:
ஆம்பியன்ட் முன்னோடி பிரையன் ஈனோவிடம் கேட்டால் பாராட்டு என்பார். 1978இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பத்தில், கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் ஈடுகொடுப்பதுதான் ஆம்பியன்ட் என்கிற பொருளில் எழுதினார். கவனித்துக் கேட்பவருக்கும் அதில் தீனி உண்டு. அந்த ஆல்பத்தின் இரண்டாவது பகுதியில் குரல் சுரங்கள் தனித்தனி டேப் வளையங்களில் ஓடுகின்றன. ஒன்று 23 வினாடிக்குச் சற்று மேல், இன்னொன்று கிட்டத்தட்ட 26, மற்றொன்று கிட்டத்தட்ட 30. நீளங்கள் பொருந்தாததால் சுரங்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் சந்திக்கின்றன.

பழையகேசட்:
ஈனோவை விட்டுவிடுகிறேன், அவரிடம் பியானோவாவது இருக்கிறது. அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1975இல் 'மெட்டல் மெஷின் மியூசிக்' என்று இரட்டை எல்.பி. வெளியிட்டாரே? கிட்டாரை ஆம்ப்ளிஃபயர் எதிரில் சாய்த்துவைத்து எடுத்த ஃபீட்பேக் ஊளை, பக்கத்துக்குப் பதினாறு நிமிடம், நாலு பக்கம். நாலாவது பக்கத்தின் முடிவில் ஊசி ஓடும் பள்ளம் மூடிய வட்டமாக இருக்கிறது, நாமே ஊசியை எடுக்கும்வரை அது முடியாது. இது கேட்பவரைக் கிண்டல் செய்வது இல்லையா? அப்புறம் ஜப்பானிய நாய்ஸ் கலைஞர் மெர்ஸ்போ. 2000இல் 50 டிஸ்க் கொண்ட பெட்டி போட்டார். அதில் நல்லது எது, சுமார் எது என்று யாராவது சொல்லட்டும். மோசமானது என்ற ஒன்றே இல்லாத துறையில் நல்லதும் இருக்க முடியாது.

ரீங்காரம்:
லூ ரீட் பற்றி ஒன்று. ஜெர்மனியின் சைட்கிராட்ஸர் குழு 2002இல் அந்த ஆல்பத்தைப் பெர்லின் மேடையில் வாசித்தது. உல்ரிச் க்ரீகர் அதைக் காதால் கேட்டு இசைக்குறிப்பாக எழுதினார். வயலின், செல்லோ, ஊதுகருவிகளில் வாசித்தார்கள். வெறும் இரைச்சலாக இருந்தால் எழுத என்ன இருந்திருக்கும்?

பழையகேசட்:
க்ரீகருக்குப் பொறுமை இருந்தால் எங்கள் வீட்டு மிக்ஸியையும் எழுதிக் கொடுப்பார். எழுத முடிவதால் ஒன்று நன்றாகிவிடாது.

மந்திரஸ்தாயி:
அது நியாயம், அந்த வாதம் எனக்கும் போதவில்லை. ஆனால் நாய்ஸில் தரம் பிரிக்க முடியாது என்பதை ஏற்க மாட்டேன். மெர்ஸ்போவின் 'பல்ஸ் டீமன்' (1996) போட்டுப் பாருங்கள். ஒரு ஒலி வந்து நிலைப்பதற்குள் இன்னொன்று குறுக்கே வெட்டும். கீழே அதிர்வு ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும், மேலே கீச்சொலி தாறுமாறாக ஓடும். பிரான்ஸின் வோமிர் இதற்கு நேர் எதிர். தொடக்கத்தில் எழுப்பும் இரைச்சல் சுவரைக் கடைசிவரை அசைக்கவே மாட்டார். முதலாமவரிடம் வேகத்தையும் திருப்பத்தையும் தேடுவேன். இரண்டாமவரிடம் அதைத் தேடினால் ஏமாற்றம்தான். அசையாத ஒன்றைக் கேட்கக் கேட்க, அசைவதுபோல் நம் காதே கற்பனை செய்யத் தொடங்குகிறது, அதற்குத்தான் வோமிர். இந்த வேறுபாடு கூடத் தெரியாமல் ஒலியைச் சிதைக்கும் பெடல்களை அடுக்கிவைத்து உறுமுபவர்கள் ஏராளம். அவர்களுடையவைதான் நீங்கள் கேட்ட மோசமான ஆல்பங்கள்.

இன்னொன்று, போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். குறைந்த பிட்ரேட் எம்.பி.3 முதலில் கெடுப்பதே இந்த மாதிரி அடர்த்தியான ஒலியைத்தான். அதற்காக வால்யூமைக் கண்டபடி ஏற்றவும் வேண்டாம், காது ஒன்றுதான் இருக்கிறது.

சும்மாகேட்பவன்:
இரண்டு.

ரீங்காரம்:
நீண்டு நிற்கும் ஒலி நமக்குப் புதிதா என்ன? அமெரிக்க இசையமைப்பாளர் லா மான்ட் யங் 1970இலிருந்து இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் சீடராக இருந்தவர். சுரத்தை நீட்டிக்கொண்டே போகும் அமெரிக்க ட்ரோன் இசையில் தம்புராவுக்கும் பங்கு உண்டு.

பழையகேசட்:
தம்புராவுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து பாடுவார். நீங்கள் சொல்லும் ஆல்பங்கள் பாடகர் வராத கச்சேரி. சரி, கதையே இல்லாமல் கேட்க ஒன்று சொல்லுங்கள்.

மந்திரஸ்தாயி:
பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ரேடிக், ஏ.ஆர்.பி. சின்தசைசரில் செய்த 'கைமா'. ஒரு மணி நேரம். பின்னணியில் ஒரு கதை உண்டு, படிக்காமல் கேளுங்கள்.

பழையகேசட்:
கேட்கிறேன். 50 டிஸ்க் பெட்டியில் சுமாரானது எது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.