தாத்தாவின் ஊர் கங்காணியின் பெட்டியில் இருந்தது

என் தாத்தா 1937இல் மலாயாவில் (இன்றைய மலேசியா) ஈப்போவுக்கு அருகே சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் பால் மரம் வெட்ட, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்க, வந்தவர். சொந்த ஊர் எது என்றால் வீட்டில் எல்லோரும் "திருச்சி" என்பார்கள். அந்தக் காலத்துத் திருச்சி மாவட்டத்தில் இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அடக்கம். எங்கே போய்த் தேடுவது?

கையில் இருந்தவை அவருடைய சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாளக் கார்டு), இறப்புப் பத்திரம், அப்பாவின் பிறப்புப் பத்திரம். தாத்தா பெயரில் ஒரு ழகரம் உண்டு. ஆங்கிலத்தில் ஒருவர் 'எல்' போட்டிருக்கிறார், ஒருவர் 'இசட்எச்', இன்னொருவர் 'ஆர்'. மூன்று தாளிலும் மூன்று ஆள் மாதிரி. பிறந்த இடம் 'இந்தியா', அவ்வளவுதான். இங்கே அடையாளக் கார்டே 1948இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காக ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய வருடங்களுக்குத் தோட்டத்துச் செக்ரோல், அதாவது ஆள்பேர், கூலிப் பதிவேடுதான் சாட்சி. தோட்டம் கைமாறிச் செம்பனை ஆனபோது அதையெல்லாம் எரித்துவிட்டார்களாம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டில் இருந்த பாட்டிதான் வழி சொன்னார். "பேரத் தேடாதய்யா. ஒங்க தாத்தாவ எந்தக் கங்காணி கூட்டியாந்தாரு, அதக் கேளு."

எத்தனை சரியான பேச்சு! கங்காணி என்றால் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவரும் மேஸ்திரி. அவர் பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் சேர்ப்பார். அதற்கு லைசென்சும் வேண்டும். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை அப்படியும் ஆள் வந்தது.

ஈப்போவில் அந்தக் கங்காணியின் பேரனைக் கண்டுபிடித்தேன். அவர் தகரப்பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த லைசென்சை எடுத்துத் தந்தார். முசிறி தாலுகா, அப்புறம் ஒரு கிராமத்தின் பெயர். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்தே இராத பெயர்.

போன வருடம் அப்பாவோடு அங்கே போனேன். டீக்கடைப் பெரியவர், "பினாங்குக்குப் போனவரு வீடா? வாங்க" என்று எழுந்து நடந்தார். அங்கே மலாயாவையே பினாங்கு என்றுதான் சொல்கிறார்கள். தாத்தாவின் தம்பி வீட்டுச் சுவரில் ஒரு கைக்குழந்தையின் படம். கழற்றிப் பார்த்தால் பின்னால் சுங்கை சிப்புட் போட்டோக் கடை முத்திரை. குழந்தை அப்பாதான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பாயி வழி இன்னும் கிடைக்கவில்லை. அவர் சிறுமியாக வேறொரு கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். பெரம்பலூர்ப் பக்கமிருந்து சுங்கை சிப்புட்டுக்கு ஆள் கொண்டுவந்த கங்காணி குடும்பம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.