கையில கோழித்தோல் மாதிரி பொரிப்பொரியா இருக்கு, நாட்டு வைத்தியம் சரிவருமா?

நிலாவெளிப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ரெண்டு மேல்கையிலயும் தொடையில கொஞ்சமும் கோழித்தோல் மாதிரி சின்னச்சின்னப் பொரி, கடியும் இல்ல நோவும் இல்ல, ஆனா பார்க்க வடிவில்ல, கட்டைக்கை ப்ளவுஸ் போடவே வெக்கமா கிடக்கு. டொக்டர் பார்த்திட்டு கெரட்டோசிஸ் பிலாரிஸ், பயப்பட ஒண்டும் இல்ல எண்டு யூரியா கிரீம் ஒண்டு எழுதித் தந்தவர். வீட்டில விட்டாத்தானே! அம்மம்மா இது சூடு, கன்னியா சுடுதண்ணிக் கிணத்துக்குப் போய் நல்லா அள்ளி ஊத்திக் குளி எண்டுறா, மாமி தேசிக்காயும் மஞ்சளும் பூசச் சொல்றா, பக்கத்து வீட்டு அக்கா பீர்க்கங்காய் நாரால உரஞ்சச் சொல்றா. கச்சான் காத்து தொடங்கினதில இருந்து இன்னும் கூடிட்டு. இதுல எது உண்மையா வேலை செய்யும்?

உப்புவெளி பாமசிக்காரன்:
தங்கச்சி, இது ஊத்தையும் இல்ல சூடும் இல்ல. மயிர் வாற துவாரத்தில கெரட்டின் எண்ட தோல்ப்புரதம் கூடி அடைச்சு நிக்குது, பரம்பரையா வாறது, அம்மா அப்பா கையையும் ஒருக்கா தடவிப் பாருங்க. எக்சிமா, வறண்ட தோல் உள்ள ஆக்களுக்கு கூட வரும். காத்து காய்ஞ்சா தோலும் காயும், அதான் கச்சானுக்கு கூடுது, மாரி வந்தா கொஞ்சம் அடங்கும்.

தேசிக்காயை மட்டும் தொட்டுடாதீங்க. அந்தப் புளியோட நம்மட வெயிலுக்குள்ள இறங்கினா தோல் வெந்து கறுப்பு விழும், பிறகு பொரிய விட அந்தக் கறுப்புத்தான் கண்ணுக்குத் தெரியும். நாரால உரஞ்சினாலும் அதே கதைதான், சிவந்து புண்ணாகி கறுக்கும்.

டொக்டர் தந்த யூரியா சரியான சாமான், 10 இல்லாட்டி 20 வீதம் எண்டு டியூப்பில போட்டிருக்கும். குளிச்சு ஈரம் முழுக்கக் காய முதல் பூசணும். லாக்டிக் அசிட், சலிசிலிக் அசிட் கிரீமும் அந்த அடைப்பை இளக்கும், ஆனா யூரியாவோட சேத்து ஒரே நேரத்தில எல்லாத்தையும் அப்பாதீங்க, எரியும்.

சித்தாப்பெட்டை:
நான் கம்பஸில சித்த மருத்துவம் படிக்கிறன், எங்கட பக்கம் இருந்தும் ஒண்டு சொல்றன் அக்கா. தேங்காய் எண்ணெய் பூசலாம், தோலை மெத்தெண்டு வச்சிருக்கும், ஆனா அடைப்பைக் கரைக்கிற வேலை அதுக்கு ஏலாது, அதால கிரீமுக்குப் பதிலா நினைக்காதீங்க. சவர்க்காரம் கூடப் போடாம பயத்தம்மாவால மெதுவா கழுவினா காணும். மூலிகைக் கிரீம் எண்டு லேபல் இல்லாத டப்பாவில விக்கிறதை வாங்கவே வேணாம், ஸ்டீரோய்ட் கலந்து வாறதும் இருக்கு.

நிலாவெளிப்பிள்ளை:
அப்ப கன்னியா?

சித்தாப்பெட்டை:
போங்க, ஏழு கிணத்திலயும் அள்ளி ஊத்துங்க, ஆசைக்கு😄. ஆனா மருந்தா நினைச்சு அடிக்கடி போறது இதுக்கு நல்லதில்ல, சுடுதண்ணி தோலில இருக்கிற எண்ணெயை எடுத்துப்போடும். போனா திரும்பி வந்த கையோட கிரீம் பூசுங்க.

மூதூர் அம்மா:
என்ட மூத்தவளுக்கும் இருந்தது, கன்னத்திலயும். வயசு போகப்போக தானாக் குறைஞ்சிட்டு பிள்ள.

நிலாவெளிப்பிள்ளை:
அண்ணா கிரீம் எவ்வளவு காலம் பூசணும்? கூட்டாளி ஒருத்தி ரெட்டினோல் எண்ட விட்டமின் ஏ கிரீம் பூசச் சொல்றா, எனக்கு கலியாணம் முடிஞ்சு புதுசு.

உப்புவெளி பாமசிக்காரன்:
வித்தியாசம் தெரிய கிழமைக்கணக்கில எடுக்கும், விட்டா திரும்ப வரும், அதால பல்லு தீட்டுற கணக்கில நினைங்க. ரெட்டினோல் வேணாம் தங்கச்சி, பிள்ளை தங்குற யோசனை இருந்தா அந்த வகைக்கே போகக்கூடாது, டொக்டரிட்ட சொல்லுங்க. யூரியா அப்பவும் பரவாயில்ல. டியூப்பை மட்டும் வெயில்படுற யன்னல்கரையில வைக்காதீங்க.